தேசம்மாவிடம் நான் கேட்காத கேள்வி

கண்ணு,

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நீ அனுப்பிய கதையை ரயிலில் படித்தேன். "மா, படிச்சிட்டு சொல்லு. புக்குல சேக்கறேன்னு சொல்றாங்க. உனக்கு வேணாம்னா எடுத்துடறேன்" என்று கீழே ஒரு வரி போட்டிருந்தாய். திருவொற்றியூரில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் போனைத் திறந்தவள், மூன்றாவது பத்தியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் வீட்டுக் கதவு. வெளியே மீன்கூடை இல்லாமல் நிற்கும் ஒரு பெண். சமையலறையிலிருந்து "இல்லைன்னு சொல்லு" என்று மகளுக்குக் கையை ஆட்டிக் காட்டும் ஒரு தாய். தண்டையார்பேட்டை போனது தெரியவில்லை, நான் இறங்க வேண்டிய ராயபுரம் போனதும் தெரியவில்லை. கடற்கரை ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, பெட்டியைப் பெருக்க வந்த அம்மாள் தோளைத் தொட்டு, "இன்னாமா, எறங்கலியா? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்று கேட்டபோதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. எத்தனையோ பேரைப் பிடித்துக் கதைக்குள் உட்கார வைத்தவள் நான். என்னை ஒருவர் பிடித்து உட்கார வைத்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நீ போன் செய்தபோதெல்லாம் "ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, பொறு" என்றேன். பொய். பேச வாய் வரவில்லை. இப்போதுதான் எழுத முடிகிறது. அதையும் உனக்கு மட்டும் எழுதாமல், என் கதைகள் வந்த அதே பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் செய்த தப்பை அச்சில்தான் திருத்த வேண்டும் என்று இந்த ஒரு மாதத்தில் எனக்குத் தோன்றிவிட்டது.

நான் எழுதிய விதம் உனக்குத் தெரியும், நீ அதற்குள்தான் வளர்ந்தாய். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்தால் ஆறரை வரை. அதற்குமேல் தண்ணீர் லாரி வந்துவிடும், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். துறைமுகச் சரக்கை எடுத்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப் அடிக்கிற எனக்குக் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. தப்பாக அடித்த படிவங்களுக்கெல்லாம் பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று பக்கம். வருகிறதோ வரவில்லையோ, மூன்று பக்கம். வாக்கியத்தின் பாதியிலேயே நிறுத்திவிட்டு எழுந்துவிடுவேன். மறுநாள் காலையில் அந்த மீதிப் பாதி என்னைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கும். எழுதியதை அடுப்படியில் நின்று வாய்விட்டுப் படிப்பேன். நாக்கு எங்கே இடறுகிறதோ அங்கே ஒரு கோடு போடுவேன். மணலியில் ஷிப்டு முடித்துவிட்டு வரும் உன் நைனா வாசலிலேயே நின்றுகொண்டு, "உங்கம்மா யாரையோ திட்டிகினு கீறா, முடிக்கட்டும்" என்று உன்னிடம் கிசுகிசுப்பார். இதில் எதையும் நான் தப்பென்று சொல்ல மாட்டேன். நீயும் தினமும் உட்கார். மனசு கேட்காத நாளிலும் உட்கார். கதை நல்ல நாள் பார்த்து வருகிற விருந்தாளி இல்லை.

தப்பு எங்கே என்றால், ஆறரைக்குப் பேனாவை மூடிய பிறகும் நான் காதை மூடவில்லை. ஷேர் ஆட்டோவில், ரேஷன் கடை வரிசையில், சாவு வீட்டில், எங்கே போனாலும் யாராவது ஒரு வாக்கியம் சொல்ல மாட்டார்களா என்று காத்துக்கொண்டே இருந்தேன். கேட்டதை எழுதுவதற்கு எனக்கு ஒரு சட்டம் இருந்தது. பேரை மாற்று, தொழிலை மாற்று, ஊரை மாற்று. மூன்றையும் மாற்றிவிட்டால் அது யார் சொத்தும் இல்லை, கதை. நீ பள்ளிக்கூட மலருக்கு எழுதியபோது இதை உனக்கும் பெருமையாகச் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சட்டத்தை நம்பித்தான் தேசம்மாவின் வாழ்க்கையில் கையை வைத்தேன்.

உன் கதையைப் படிக்கப்போகிறவர்களுக்கு அவள் ஒரு மீன்காரி, அவ்வளவுதான். அதனால் அவர்களுக்காகவும் சொல்கிறேன். எண்ணூர் நெட்டுக்குப்பத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் கூடையோடு நம் தெருவுக்கு வருவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். பிள்ளை இல்லை. ஒன்பது வருடம் நம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து மீனை ஆய்ந்து கொடுத்திருக்கிறாள், உனக்கென்று முள் இல்லாத துண்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக ஒரு படகு, பைபர் போட்டு, இருந்தது. அதன் பக்கவாட்டில் அவரே பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்து பெண்டாட்டி பேரை எழுதினார். எழுத்து சரியாகத் தெரியாத மனுஷர், 'தேசமா' என்று எழுதிவிட்டார். "எம் பேருல ஒரு எயுத்த மீனு துன்னுட்ச்சிக்கா" என்று அவள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். குடித்தால் அடிப்பார். வீங்கின கன்னத்தோடு அவள் வந்த நாட்களில் நான் மஞ்சள் அரைத்துக் கொடுத்திருக்கிறேன்.

நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருடம், அவருடைய போட்டு கடலில் கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேரை வேறொரு போட்டு தூக்கிக்கொண்டு வந்தது. அவர் வரவில்லை. ஏழு நாள் தேடினார்கள். ஏழு நாளும் தேசம்மா கரையை விட்டு அசையவில்லை என்று தெருவில் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், கூடை இல்லாமல் நம் வீட்டுக்கு வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போகும் வரை டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள். பேச்சு நடுவில், "எட்டாம் நாளு மத்தியானம் படுத்தேங்க்கா. மறுநாள் காலீலதான் ஏந்தேன். பத்து வருசத்துல அப்டி ஒரு தூக்கம் தூங்கினதே இல்ல" என்றாள்.

அந்த வாக்கியம் காதில் விழுந்ததும் எனக்குள் என்ன நடந்தது என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்காக அழுதேன், அது நிஜம். ஆனால் அதற்கு முன்னால் என் மனசு ஒருமுறை துள்ளியது. கதை கிடைத்துவிட்டது. அப்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஏன் தேசம்மா, ஏன் அப்படித் தூக்கம் வந்தது என்று. கேட்கவில்லை. பதில்தான் எனக்கே தெரியுமே! அடித்த கை போய்விட்டது, அடிபட்டவள் நிம்மதியாகத் தூங்கினாள். கேட்டால் அவள் வேறெதையாவது சொல்லி என் கதையைக் கலைத்துவிடுவாள் என்ற பயமும் உள்ளே எங்கோ இருந்திருக்க வேண்டும். மறுநாள் ஐந்தரைக்கு உட்கார்ந்தேன். பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது.

சட்டப்படி எல்லாம் செய்தேன். தேசம்மா என்ற பேரை வள்ளி ஆக்கினேன். மீனை உப்புக் கருவாடாக்கினேன். எண்ணூரைத் தூக்கித் தெற்கே ஏதோ ஒரு கடற்கரையில் வைத்தேன். ஆனால் படகில் பேர் தப்பாக எழுதிய அந்த விஷயத்தை விட எனக்கு மனசு வரவில்லை. வள்ளியின் புருஷன் படகில் 'வளி' என்று எழுதினான் என்று போட்டேன். வளி என்றால் காற்று அல்லவா, எவ்வளவு பொருத்தமாக விழுந்திருக்கிறது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். எட்டாம் நாள் தூக்கம் பற்றி அவள் சொன்னதை அப்படியே வைத்தேன். கடைசி வரியில் வள்ளியின் உதட்டில் ஒரு சிரிப்பையும் வைத்தேன். கதை வந்தது. வாசகர் கடிதங்கள் வந்தன. ஆபீஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன், நீகூட நாலு துண்டு தின்றாய்.

இரண்டு மாதம் கழித்து, நெட்டுக்குப்பத்துப் பெண்கள் குழுக் கூட்டத்தில், படித்த பெண் ஒருத்தி அந்தப் பத்திரிகையைக் கொண்டுபோய், கடற்கரைப் பெண்ணைப் பற்றிக் கதை வந்திருக்கிறது என்று ஆசையாக, சத்தமாகப் படித்திருக்கிறாள். அவள் மேல் குற்றமில்லை. பெண்டாட்டி பேரைத் தப்பாக எழுதின படகு அந்தக் கரையில் ஒன்றுதான் உண்டு, அது எல்லோருக்கும் தெரியும். தேசம்மாவின் மாமியார் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். எம்புள்ள வராம போனதுக்கு இவ சிரிச்சிகினு தூங்கினாளா என்று கேட்டுவிட்டு எழுந்து போனாராம். அன்று சாயந்தரமே தேசம்மாவின் துணிமணி தெருவுக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் ஏலத்தில் அவளுக்கு மீன் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. நான் என் சமையலறையில் நின்று நாக்கு இடறுகிறதா என்று படித்துப் பார்த்த வாக்கியங்கள், ஒருத்தியை அவள் வீட்டிலிருந்து தூக்கி எறிந்துவிட்டன.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் நம் வீட்டுக்கு வந்தது, நீ கதவைத் திறந்தது, நான் கையை ஆட்டியது. நீ அதை எழுதியிருக்கும் விதத்தில் ஒரு வார்த்தை அதிகமில்லை. "அம்மா வூட்ல இல்ல அத்தே" என்று நீ சொன்னபோது உன் குரல் எப்படிக் கீழே போனது என்பதுகூட இருக்கிறது. அவள் நம்பவில்லை. கதவைப் பார்த்து, உள்ளே எனக்குக் கேட்கும்படி, "உங்கம்மாவாண்ட சொல்லு பாப்பா, நான் அவளாண்ட கதை சொல்லல, என் கஷ்டத்த சொன்னேன்னு" என்றாள். எல்லாம் சரி. ஒரே ஒரு இடம்தான் தப்பு. தாய் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு என்மேல் இருக்கும் பாசம் அது. நான் அழவில்லை கண்ணு. காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அவள் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன். மறந்துவிடக் கூடாதே என்று, அவசர அவசரமாக. இரண்டு வருடம் கழித்து அந்த வாக்கியத்தை வேறொரு கதையில், வேறொரு பெண்ணின் வாயில் வைத்தேன். நான் எழுதியதிலேயே உச்சமான வரி என்று ஒரு வாசகர் அதைத்தான் குறிப்பிட்டு எழுதினார். நான் அவருக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டேன்.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில் இது. கதையை எடுக்காதே. அழுதாள் என்கிற வரியை அடித்துவிட்டு, எழுதினாள் என்று போடு. என்னைக் காப்பாற்ற நினைத்து நீ ஒரு வரி எழுதினால், அடுத்த கதையில் உன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொன்று எழுதுவாய்.

உன் கதையைப் படித்துப் பத்து நாள் கழித்து, விசாரித்துக்கொண்டு மணலி புதுநகர் போனேன். தேசம்மா அங்கே தன் அக்காவோடு இருக்கிறாள், மார்க்கெட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறாள். தலை பாதிக்குமேல் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கத்தியிலிருந்து கையை எடுக்கவில்லை. "வா" என்றும் சொல்லவில்லை, "போ" என்றும் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்தக் கதைய நான் படிச்சதே இல்ல, தெரியுமா? எனக்கின்னா எயுத்தா தெரியும்? நாலு பேரு நாலு மாதிரி சொன்னத கேட்டதுதான். கொணாந்துகீறியா?"

பையில் வைத்திருந்தேன். எதற்கு எடுத்துப் போனேன் என்று எனக்கே தெரியாது.

"படி" என்றாள்.

கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து, மார்க்கெட் சத்தத்துக்கு நடுவில், என் கதையை அவளுக்குப் படித்தேன். நடுநடுவே ஆட்கள் வந்தார்கள். "தலைய எடுத்துடட்டா, வெச்சிக்கிறியா?" என்று அவர்களிடம் கேட்டபடியே, "நீ படி, நிறுத்தாத" என்பாள். செதில் தெறித்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கு ஓரிடத்திலும் இடறவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது, அவ்வளவு நன்றாகச் செதுக்கி வைத்திருந்தேன். சிரித்துக்கொண்டே தூங்கினாள் என்ற கடைசி வரியைப் படித்து முடித்தபோது அவள் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் எயுதிகீற" என்றாள். கழுவின தண்ணீரைக் கொட்டிவிட்டு, "ஆனா யாரு இவ?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை. "நீதான் சொன்னியே தேசம்மா, எட்டாம் நாள் நல்லாத் தூங்கினேன்னு" என்றேன்.

"சொன்னேன். ஏன்னு கேட்டியா? அவரு கடலுக்குப் போற அன்னிக்கெல்லாம் எனக்குத் தூக்கம் வராதுக்கா. போட்டு கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் காது அங்கியே கெடக்கும். பத்து வருசம் அப்டிதான். எட்டாம் நாளு ஊர்ல பெரியவங்க வந்து, இனிமே தேட வேணாம்மா, வூட்டுக்குப் போன்னுட்டாங்க. இனிமே யாருக்கோசரம் முயிச்சிகினு இருக்கணும்? வந்து படுத்தேன். தூங்கிட்டேன். அவ்ளோதான்." கத்தியைத் துணியில் துடைத்தாள். "அடிப்பாரு. இல்லன்னு சொல்லல. அந்த மனுசனுக்கோசரமும்தான் பத்து வருசம் தூங்காம கெடந்தேன். அத்த நீ எயுதல."

இத்தனை வருடமும், ஒரு உண்மையை வெளியே சொல்லிவிட்ட குற்றம் என்னுடையது என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொன்னதால் ஒருத்தி கஷ்டப்பட்டாள் என்று நினைப்பதில்கூட எழுதுகிறவளுக்கு ஒரு ரகசிய கௌரவம் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியிருக்கிறேன். அது உண்மையே இல்லை. நானாக இட்டுக்கட்டிய ஒரு சிரிப்புக்காக அவள் வீட்டை இழந்தாள். நல்ல வாக்கியம் கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன். கண்ணு, உன்னிடம் ஒருவர் ஏதாவது சொல்லும்போது உன் மனசு துள்ளினால், அங்கேதான் வாயைத் திறந்து இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கதை கலைந்துபோனால் போகட்டும். கலைந்ததற்கு அப்புறம் கிடைப்பதை எழுது. பத்து வருடம் காதைக் கரையில் போட்டுவிட்டுப் படுத்திருந்த ஒரு பெண் என் வாசற்படியில்தான் உட்கார்ந்திருந்தாள், நான் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியை எழுதினேன்.

இதை எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "பேர மாத்திதான் என் மானத்த வாங்கின. இந்த தபா என் பேராலியே எயுது. எம் மாமியா கெயவி உசுரோடதான் கீது, எவளாச்சும் படிச்சிக் காட்டட்டும். ஆனா அனுப்பறதுக்கு முன்ன என்னாண்ட மொத்தம் படிக்கணும்" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போய் இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரரை நான் அவன், இவன் என்று எழுதியிருந்தேன். அவர் என்று மாற்றச் சொன்னாள். கடலில் செத்துப்போனார் என்று எழுதியிருந்தேன். "நான் பாக்கல, நீயும் பாக்கல. வரலன்னு போடு" என்றாள், போட்டேன். மூன்றாவது, துணிமணியோடு தெருவில் நின்ற அந்தச் சாயந்தரத்திலிருந்து மணலிக்கு வந்து சேரும் வரை அவளுக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றிய ஒரு பத்தி. இந்த முறை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, அவள் சொல்லி நான் எழுதியது. படித்து முடித்ததும், "இது வேணாம்க்கா. இது உனக்கு சொன்னது, ஊருக்கு இல்ல" என்றாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இவ்வளவுக்குப் பிறகும் நான் அவளோடு வாதாடினேன். இதுதான் நல்லா வந்திருக்கு தேசம்மா, இதில்தான் நீ அப்படியே இருக்கே என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயே, மீன் தண்ணீர் படிந்த பெட்டியின் மேல் காகிதத்தை வைத்து, அந்தப் பத்தியை அடித்தேன். எழுத்துகூடத் தெரியாமல் பக்கம் மையாகும் வரை அடித்தேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அதுதான். நீ ஊருக்கு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

அம்மா